வேலைக்குக் கார் ஓட்டிப் போவதை டாக்ஸில் கழிக்கலாமா? ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மார்ஸ்டன் பார்க் புதுசு

எல்லோருக்கும் வணக்கம். சிட்னிக்கு வந்தபின் எனக்கு இதுதான் முதல் முழு நிதியாண்டு. ஜூன் 30 முடிந்ததிலிருந்து ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்ஸ் ரிட்டர்ன் தவிர வேறு பேச்சே இல்லை.

வீடு மார்ஸ்டன் பார்க்கில், வேலை மெக்குவாரி பார்க்கில். எம்7, எம்2 இரண்டிலும் டோல் கட்ட வேண்டும். பஸ் பிடித்து, மெட்ரோ மாறிப் போனால் பாதி நாள் வழியிலேயே போய்விடும் என்பதால் கார்தான். எங்கள் டீமில் ஒரு சீனியர், "ஐயாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ரசீதே கேட்க மாட்டான், கண்ணை மூடிக்கொண்டு போடு" என்கிறார். பக்கத்து சீட்டுக்காரர், "வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஓட்டுவதற்கு ஒரு காசு தரமாட்டான்" என்கிறார். இரண்டு பேரும் இங்கே பதினைந்து வருடம் இருப்பவர்கள்!

ஏடிஓ (ஆஸ்திரேலிய வரித்துறை) இணையதளத்தை நானும் படித்துவிட்டேன், அதன் லிங்க் வேண்டாம். நீங்கள் கிளெய்ம் போட்டபோது என்ன நடந்தது, ஏஜென்ட் என்ன கேட்டார், கடிதம் ஏதாவது வந்ததா, அதைச் சொல்லுங்கள்.

வார்டு அக்கா

பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதுதான் சரி, தம்பி.

நான் மேற்கு சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வார்டில் ஒவ்வொரு ஜூலையிலும் இந்தப் பேச்சு கிளம்பும். "நமக்கு நைட் ஷிப்ட், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, அதனால் நமக்கு மட்டும் உண்டு" என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நானும் அதை அப்படியே என் டாக்ஸ் ஏஜென்டிடம் கேட்டேன். கறாரான பெண்மணி. பகலோ ராத்திரியோ, கிட்டவோ தூரமோ, பஸ் உண்டோ இல்லையோ, ஓவர்டைமுக்குக் கூப்பிட்டார்களோ, கூப்பிட்டால் வரத் தயாராக ஆன் கால் இருந்தீர்களோ, எதுவும் கணக்கில் வராது என்றார். போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கு ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு போனால்கூட அது சொந்தப் பயணம்தானாம்.

சரி, போகட்டும் என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது அவரே, "வேறு எங்காவது வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார். செய்கிறேன். ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் மூன்றரைக்கு முடிந்ததும் சில நாள் ஒரு முதியோர் இல்லத்தில் சாயங்கால ஷிப்ட். "அங்கிருந்து நேராகப் போவீர்களா, நடுவில் வீட்டுக்குப் போவீர்களா?" என்றார். இரண்டும் உண்டு என்றேன். நேராகப் போன நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து இல்லம் வரைக்குமான தூரம் மட்டும் கிளெய்ம் செய்யலாமாம். நடுவில் வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போன நாட்களில் இரண்டு பாதியும் போச்சு. முதல் பாதி வேலை முடிந்து வீடு, அடுத்த பாதி வீட்டிலிருந்து வேலை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இரண்டு வேலைக்குமான ரோஸ்டரை மாதாமாதம் அச்செடுத்து, நேராகப் போன நாட்களில் பேனாவால் ஒரு டிக் போட்டு வைக்கிறேன். இல்லத்தின் வாசலில் பார்க்கிங் காசு கட்டியிருந்தால் அதன் ரசீதும் அதிலேயே ஊசி குத்தி இருக்கும். வருகிற தொகை பெரிதில்லை. ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டால் தீர்ந்துவிடும். ஆனாலும் சட்டப்படி நமக்கு வர வேண்டியதை ஏன் விட வேண்டும்?

தண்டனோங் மின்வேலை

எனக்கு வீட்டில் இருந்து வேலைக்குப் போனதுக்கே கிடைத்தது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை.

நான் மெல்பேர்னில் எலெக்ட்ரீசியன், ஒரு கொம்பனியில் சம்பளத்துக்கு வேலை. அடுக்குமாடி கட்டுகிற இடங்களில்தான் அநேகமாக நிற்போம். ஹேமர் டிரில், கேபிள் வெட்டுகிற சாமான், டெஸ்டர்கள், கிரிம்பிங் டூல், இரண்டு பெட்டி, அதோடு ஏணி. ஏணியைத் தூக்கிக்கொண்டு ரெயிலில் ஏற ஏலாது. சைட்டில் பூட்டி வைக்க இடம் இல்லை. இங்கே கட்டட வேலைத்தளங்களில் சாமான் களவு போவது எல்லோருக்கும் தெரியும். பின்னேரம் வேலை முடிய எல்லாத்தையும் யூட்டில் (பின்பக்கம் சாமான் ஏற்றுகிற வாகனம்) ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று போர்மன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

என் ஏஜென்ட் இதை வடிவாக விசாரித்துத்தான் போட்டார். போட்டுக் கொஞ்சக் காலத்தில் ஏடிஓவில் இருந்து கடிதம் வந்தது. மிரட்டல் ஒன்றும் இல்லை, ஆதாரம் அனுப்பு என்றுதான் இருந்தது. அவர்கள் பார்ப்பது மூன்று விசயம். அந்தச் சாமான் இல்லாமல் வேலை செய்ய ஏலாதா? கையில் கொண்டுபோக முடியாத அளவு பாரமும் பருமனுமா? வேலை இடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டுப் போக இடம் இல்லையா? மூன்றுக்கும் ஆம் என்று காட்ட வேண்டும். இரண்டு சரியாக இருந்து ஒன்று பிழைத்தால் முழுக்கப் பிழைத்த மாதிரி.

முதல் இரண்டும் சுகம். சாமானின் பட்டியல், வாங்கின ரசீது, யூட்டின் பின்பக்கம் எல்லாம் ஏற்றிக் கிடக்கிற படம். மூன்றாவதுதான் இழுபட்டது. முதலாளி ஒரு கடிதம் தந்தார், "இவர் தன் சொந்தச் சாமானைப் பாவிக்கிறார்" என்று ஒரே வரி. ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். சொந்தச் சாமான் என்பது கேள்வியே இல்லை, வைக்க இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி என்றார். பிறகு எந்தத் தளத்தில் எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை வேலை, அங்கே பூட்டி வைக்கிற வசதி கொடுக்கப்படவில்லை, சாமானைத் தினமும் எடுத்துப் போகச் சொல்லப்பட்டது என்று தளம் தளமாக எழுதி வாங்கினோம். அதை அனுப்பின பிறகு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த வருடம் பின்பாதியில் வேறு தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே எங்களுக்கு என்று ஒரு இரும்புக் கொண்டெய்னர், நல்ல பூட்டு, திறப்பு போர்மனிடம். கொண்டெய்னர் வந்த கிழமையோடு என் கிளெய்ம் நின்றது. அதுக்குப் பிறகும் நான் என் டிரில்லை வீட்டுக்குத்தான் கொண்டுவந்தேன். மற்றவன் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அது என் சொந்த விருப்பம், வரிக்காரருக்கு அதில் வேலை இல்லை.

இன்னொன்று. என் யூட் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுகிற ரகம். அதுக்கு அந்த ஐயாயிரம் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, அது காருக்கு மட்டும். பெற்றோல், சேர்விஸ், ரெஜோ (வாகனப் பதிவுக் கட்டணம்), காப்புறுதி என்று எல்லாத்துக்கும் ரசீது வைத்து, அதில் வேலைக்கான பங்கைத்தான் போட வேண்டும்.

பரமட்டா கணக்கு

இருபது வருடமாக டாக்ஸ் ஆபீஸ்களில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை பிறந்தால் என் மேஜைக்கு வரும் முதல் கேள்வியே இதுதான். "சார், வேலைக்குப் போகாமல் சம்பளம் எப்படி வரும்? அப்போ போகிற செலவு சம்பாதிக்கிற செலவுதானே?" என்று கேட்பார்கள். நல்ல வாதம். இதையே 1958இல் லன்னி என்பவர் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். கப்பலில் மரவேலை செய்கிறவர், பஸ் கட்டணத்தைத்தான் கழிக்கக் கேட்டார். அவர் வழக்கோடு ஒரு பல் டாக்டரின் வழக்கும் சேர்ந்து விசாரிக்கப்பட்டது. இரண்டு பேரும் தோற்றார்கள். வேலை நடக்கும் இடத்தில் வந்து நிற்பது வேலை தொடங்குவதற்கு முந்தைய காரியம், எங்கே குடியிருப்பது என்பது அவரவர் சொந்த முடிவு என்பதுதான் தீர்ப்பின் சாரம். அறுபது வருடத்துக்கு மேலாக அந்தச் சுவர் அப்படியே நிற்கிறது.

அதில் முட்டிப் பார்த்த இன்னொருவர் ஒரு குவான்டஸ் விமானி. அவருக்கு மான் பண்ணை ஒன்றும் இருந்தது, குடியிருந்ததும் அங்கேயேதான். பண்ணை ஒரு தொழில், விமானம் இன்னொரு தொழில், ஆகவே பண்ணைக்கும் சிட்னி விமான நிலையத்துக்கும் நடுவில் போய்வந்த செலவு இரண்டு வேலையிடங்களுக்கு இடைப்பட்டது என்று வாதாடினார். 2001இல் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நாடாளுமன்றமே சட்டத்தில் 25-100 என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன்படி ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போவதைக் கழிக்கலாம், ஆனால் அவற்றில் ஒன்று நீங்கள் குடியிருக்கும் இடமாக இருக்கக் கூடாது. வார்டு அக்காவின் ஏஜென்ட் "நடுவில் வீட்டுக்குப் போனீர்களா" என்று கேட்டது இதனால்தான்.

இனி அந்த 5,000 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போடும் முறையில் 2023-24க்கு 85 சென்ட், 2024-25க்கு 88 சென்ட். ஒரு காருக்கு அதிகபட்சம் 5,000 கிலோமீட்டர். ரசீது கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், தூரத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் காட்ட வேண்டும். ஒரு தம்பதி வேறொருவர் போட்ட பழைய ரிட்டர்னோடு என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, டி1இல் (ரிட்டர்னில் வேலைக்கான கார் செலவைப் போடும் கட்டம்) அச்சு அசலாக 5,000. "எங்கே ஓட்டினீர்கள்?" என்றேன். "வேலைக்குத்தான்" என்றார். போட்டவர் அவரிடம் எதையும் கேட்கவே இல்லையாம், பணம் அதிகமாக வரும் என்று மட்டும் சொன்னாராம். ஏடிஓ கேட்பதற்கு முன்னால் நாங்களே திருத்தி அனுப்பினோம். திருப்பிக் கட்டியதோடு வட்டியும் உண்டு. தானாக முன்வந்து சொன்னதால் அபராதப் பக்கம் லேசாக முடிந்தது. ரிட்டர்னில் யார் கை வைத்திருந்தாலும் கேள்வி வருவது உங்கள் பெயருக்குத்தான்.

அப்படி ஆசைப்பட்டு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். 5,000 கிலோமீட்டர், 88 சென்ட் வீதம் 4,400 டாலர். நிறையப் பேர் 4,400 டாலர் கைக்கு வரும் என்று நினைக்கிறார்கள். அது வருமானத்திலிருந்து கழியும் தொகை. 30 சதவீத வரி, 2 சதவீத மெடிகேர் லெவி (அரசு மருத்துவத் திட்டத்துக்கான வரி) கட்டுகிறவருக்கு அது 1,408 டாலர். ஒரே வேலை, ஒரே அளவு சம்பளம் வாங்குகிறவர்களோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்க்கும் வசதி ஏடிஓவிடம் இருக்கிறது. முதலாளிக்கு ஒரு போன் போட்டு "இவர் வேலையில் கார் ஓட்ட வேண்டுமா?" என்று கேட்டாலே முடிந்தது.

ஆன் கால் அடிமை

பரமட்டா சார், ஒரு சந்தேகம். நான் ஐடி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து, இரண்டு நாள் நார்த் சிட்னி. அப்படியானால் என் வீடே ஒரு ஆபீஸ்தானே, அங்கிருந்து இன்னொரு ஆபீஸுக்குப் போகிறேன் என்று போன வருடம் என் ஏஜென்டிடம் சொன்னேன். மனிதர் அரை நிமிடம் சிரித்தார். அவர் சிரித்ததற்குக் காரணம் இப்போது அந்த விமானி கதையைப் படித்தபின் புரிகிறது.

ஆனால் ஒன்று கிடைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் வீட்டிலிருந்தே லாகின் செய்து பார்ப்போம். அப்படிப் பார்த்து முடியாமல் ஒரு ராத்திரி டேட்டா சென்டருக்கே ஓட வேண்டி வந்தது. அது என் வழக்கமான வேலையிடம் இல்லை. வீட்டிலிருந்து நேராக அங்கே போய்வந்த தூரத்தை ஏஜென்டே சேர்த்துக்கொண்டார். மானேஜர் அனுப்பிய மெசேஜையும் டிக்கெட் எண்ணையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

பரமட்டா கணக்கு

உங்கள் ஏஜென்ட் சரியாகத்தான் செய்திருக்கிறார். வழக்கமாகப் போகாத ஒரு இடத்துக்கு, கிளையன்ட் ஆபீஸ் மாதிரி, வேலைக்காக வீட்டிலிருந்து நேராகப் போனால் கழிக்கலாம்.

உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு வழக்கும் உண்டு. 1976, காலிங்ஸ் வழக்கு. கம்ப்யூட்டர் கன்சல்டன்ட், இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்திலேயே வீட்டில் ஒரு டெர்மினல் வைத்துக்கொண்டு போனிலேயே சரிசெய்யப் பார்ப்பார், முடியாவிட்டால் ஆபீஸுக்கு ஓடுவார். வேலையை வீட்டிலேயே தொடங்கி, அதே வேலையை முடிக்க ஓடியதால் அந்த அவசர ஓட்டங்களுக்கான செலவை ஒப்புக்கொண்டார்கள். தினமும் காலையில் போனதற்கு அதிலும் கிடையாது. இதைப் படித்துவிட்டு "நானும் வீட்டில் ஒரு ஈமெயில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்" என்று யாரும் வராதீர்கள். வந்திருக்கிறார்கள்.

கையேடு கேர்

நான் என்டிஐஎஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித் திட்டம்) சப்போர்ட் வொர்க்கர். ஒரு நாளைக்கு நாலு வீட்டுக்குப் போகிற வேலை. ப்ளாக்டவுனில் ஒருவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு, செவன் ஹில்ஸில் இன்னொருவரைக் கடைக்குக் கூட்டிப்போய், அப்புறம் வென்ட்வொர்த்வில். முதல் வீட்டுக்குப் போவதும் கடைசி வீட்டிலிருந்து திரும்புவதும் எனக்குக் கிடையாது என்றுதான் சொன்னார்கள். நடுவில் ஓடுவதெல்லாம் உண்டு. கிளையன்டைக் காரில் ஏற்றி டாக்டரிடம், கடைக்குக் கூட்டிப்போவதும் உண்டு.

எனக்கு 5,000 போதவில்லை, அதனால் லாக்புக். தொடர்ந்து 12 வாரம் ஒரு நாள்கூட விடாமல் எழுத வேண்டும். டாஷ்போர்டு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, ரப்பர் பேண்டில் செருகிய பேனா. தேதி, கிளம்பும்போது மீட்டர், நின்றபோது மீட்டர், எத்தனை கிலோமீட்டர், எதற்காக. இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். முதல் வாரம் நான் அதில் "வேலை", "வேலை" என்றே எழுதிவைத்தேன். எங்கள் டீமில் மூத்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "இப்படி எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? எந்தக் கிளையன்ட் வீட்டிலிருந்து எங்கே, என்ன காரியம், அதை எழுது" என்றார். கிளையன்ட் பெயரை எழுத மாட்டேன், அது அவர்கள் அந்தரங்கம். ரோஸ்டரில் இருக்கும் குறியீட்டை எழுதுவேன். சொந்த வேலையாகக் கோவிலுக்கு, கடைக்கு ஓட்டியதும் மீட்டரில் சேரும். அதனால்தான் மொத்தத்தில் வேலைக்கு எத்தனை சதவீதம் என்று தெரிகிறது. அந்தச் சதவீதத்தைப் பெட்ரோல், ரெஜோ, இன்சூரன்ஸ், சர்வீஸ், கார் கடனின் வட்டி, தேய்மானம் எல்லாவற்றுக்கும் போடலாம். ஒருமுறை எழுதிய நோட்டு, வேலை பெரிதாக மாறாவிட்டால், 5 வருடத்துக்குச் செல்லும். ஒவ்வொரு ஜூன் 30 ராத்திரியும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடுவேன்.

இதில் கம்பெனி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அலவன்ஸ் கொடுக்கிறது. அதை வருமானத்தில் காட்டிவிட்டுத்தான் செலவைக் கழிக்க வேண்டும். அலவன்ஸ் கொடுப்பதாலேயே கழிவு கிடைத்துவிடும் என்று எங்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

டோர்ட்மண்ட் மச்சான்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஜெர்மனி. உங்கள் புலம்பலைப் படிக்கப் பாவமாக இருக்கிறது. இங்கே வீட்டில் இருந்து வேலைக்குப் போறதுக்கே கழிவு இருக்கு. 2022 முதல் 2025 வரை முதல் 20 கிலோமீட்டருக்கு 30 சென்ட், 21ஆவது கிலோமீட்டரில் இருந்து 38 சென்ட். ஒரு பக்கத் தூரம் மட்டும்தான் எண்ணுவார்கள். கார் என்று இல்லை, ரெயிலில் போனாலும், சைக்கிளில் போனாலும் அதே கணக்கு. பெற்றோல் ரசீது ஒன்றும் காட்டத் தேவை இல்லை.

தண்டனோங் மின்வேலை

மச்சான், நீங்கள் கட்டுகிற மொத்த வரியையும் ஒருக்கால் சொல்லுங்கோ, பிறகு பாவம் பார்ப்போம்.

சாவி இல்லா கார்

நான் வேறு வழியில் போனேன், அதையும் சொல்கிறேன். நாவேட்டட் லீஸில் (முதலாளி நம் சம்பளத்திலிருந்து தவணை கட்டும் கார் குத்தகை) மின்சாரக் கார். சம்பளத்துக்கு வரி பிடிப்பதற்கு முன்னாலேயே தவணை போய்விடும். சாதாரணக் காராக இருந்தால் சொந்த உபயோகத்துக்கு முதலாளி எஃப்பிடி (ஊழியருக்குத் தரும் சலுகைகள் மீதான வரி) கட்ட வேண்டும், கடைசியில் அது நம் தலையில்தான் விழும். ஜூலை 1, 2022 முதல் மின்சாரக் காருக்கு அது கிடையாது, விலை சொகுசுக் கார் வரியின் எல்லைக்குள் இருந்தால். 2024-25க்கு அந்த எல்லை 91,387 டாலர். சார்ஜ் போடும் ஹைப்ரிட்டுக்கு இந்தச் சலுகை ஏப்ரல் 1, 2025இல் முடிந்துவிட்டது, அதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும் தொடரலாம்.

ஆக ஆபீஸ், ஸ்கூல், மேஸ் ஹில் முருகன் கோவில் என்று எங்கே ஓட்டினாலும் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. லாக்புக் தலைவலியே இல்லை.

பரமட்டா கணக்கு

இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் விற்கிறவர் இரண்டு விஷயத்தை மெதுவாகத்தான் சொல்வார். ஒன்று, அந்தக் காருக்கு நீங்கள் டி1இல் எதுவும் போட முடியாது, வேலைக்காக ஓட்டினாலும். இரண்டு, எஃப்பிடி கட்டாவிட்டாலும் அந்தப் பயனின் மதிப்பு உங்கள் வருட அறிக்கையில் ஏறும். அதற்கு வரி இல்லை, ஆனால் ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட், குழந்தைகள் காப்பக உதவி, படிப்புக் கடன் திருப்பிக் கட்டும் அளவு, இவற்றைக் கணக்கிடும்போது அதையும் சேர்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில் இருக்கும் குடும்பம் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். வேலையை விட்டால் தவணை உங்களோடு வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி இல்லா கார்

இரண்டாவதை எனக்கு யாரும் சொல்லவில்லை. காப்பகப் பில் ஏன் ஏறியது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. இப்போது தெரிகிறது.

வார்டு அக்கா

கணக்கு அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்கு நேராகப் போகும்போது எம்4இல் டோல் விழுகிறது. 88 சென்டில் அதுவும் அடக்கமா?

பரமட்டா கணக்கு

அடக்கம் இல்லை. பெட்ரோல், தேய்மானம், ரெஜோ, இன்சூரன்ஸ், சர்வீஸ்தான் அதில் அடக்கம். அந்தப் பயணத்தின் டோலையும் பார்க்கிங்கையும் தனியாக டி2இல் (மற்ற வேலைப் பயணச் செலவுகளைப் போடும் கட்டம்) போடலாம். ஈடேக் (காரில் ஒட்டும் டோல் கருவி) ஸ்டேட்மென்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில் நேரமும் இருக்கும், உங்கள் ரோஸ்டர் டிக்கோடு பொருந்தும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விழுந்த டோலுக்குக் கிடையாது. எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருங்கள்.

கீபோர்டு ஹோம்புஷ்

ஏணி கதையைப் படித்ததும் என் ஞாபகம் வந்தது. நான் வார நாளில் வங்கி வேலை, வாரக் கடைசியில் கல்யாணம், வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறேன். கீபோர்டு, அதன் ஸ்டாண்டு, ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். லிப்ட் இல்லாத மண்டபம் என்றால் மாப்பிள்ளை வீட்டுப் பையன்களைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். ஏபிஎன் (தொழில் பதிவு எண்) இருக்கிறது, இன்வாய்ஸ் கொடுக்கிறேன், வருமானம் காட்டுகிறேன். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு ஓட்டுவதை ஏஜென்ட் ஒப்புக்கொண்டார். 1975இல் இதே மாதிரி ஒரு இசைக்கலைஞர் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறாராமே?

பரமட்டா கணக்கு

ஆமாம், வோக்ட் வழக்கு. டிரம்பெட், டபுள் பேஸ், ஆம்ப் எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கிளப்பாகப் போனவர். சாமான் வீட்டில்தான் இருக்க முடியும், கார் இல்லாமல் நகராது, வாசிக்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஜெயித்தார். உங்களுக்கும் பொருந்தும். வங்கிக்கு ஓட்டுவதை மட்டும் அதில் நுழைத்துவிடாதீர்கள்.

கோவில் திருவிழாவில் காசு வாங்காமல் வாசிப்பது உண்டென்றால், அந்தப் பயணங்களையும் இன்வாய்ஸ் நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வருமானம் இல்லாத இடத்தில் கழிவும் இல்லை. பொன்னாடையை நான் வருமானத்தில் சேர்க்க மாட்டேன், பயப்படாதீர்கள்.